உழவு இயந்திரத்தின் றேடியேற்றரில் இறுகிய குழாய்களைக் கழற்றும் முறை

ஐப்பசி மழை பெய்து நிலம் பதமடைந்த பின்னர் உழவுக்குக் கிடைக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் உழவு இயந்திரம் எஞ்சின் கொதித்து வயல் நடுவே நின்றுவிடுமாயின் விதைப்புப் பிந்தும். இவ்வாறு நேர்வதற்கு றேடியேற்றரின் இறப்பர்க் குழாயொன்று வெடித்து நீர் ஒழுகுவதே பலமுறை காரணமாகும். குழாயின் விலை சிறிது. ஆனால், பல்லாண்டுகளாக இறுகிக் கிடக்கும் குழாயை அவசரத்தில் வலிந்து இழுப்பதால் றேடியேற்றரின் கழுத்து ஒடிந்தால், அந்நட்டம் குழாயின் விலையிலும் பன்மடங்காகும். ஆதலால், பழைய குழாய்களைப் போகந் தொடங்குமுன்னரே, ஓய்வான நாளொன்றில், முறையறிந்து மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

குழாய்கள் இறுகுவது ஏன்?

1957 ஆம் ஆண்டு முதல் வெளிவந்த மாசி பெர்கூசன் 35, 1964 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மாசி பெர்கூசன் 135 போன்ற பழைய இயந்திரங்களில் றேடியேற்றர் செம்பினாலும் பித்தளையாலும் ஆனது. குழாய் மாட்டப்படும் கழுத்து மெல்லிய பித்தளைத் தகடாகும்; அது தொட்டியுடன் ஈயப்பற்றினால் பொருத்தப்பட்டுள்ளது. எஞ்சினின் வெப்பத்தால் இறப்பர் நாளடைவில் கடினமாகி உலோகத்துடன் ஒட்டிக்கொள்ளும். உலோகத்தின் மேற்பரப்பில் ஏறும் களிம்பும் கறளும் அப்பிடியை மேலும் இறுக்கும். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரை ஊற்றிவந்தால் உட்புறத்தில் உப்புப்படையும் சேரும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் நன்று.

ஆயத்தம்

எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும். றேடியேற்றரின் மூடி உள்ளே அமுக்கத்தைத் தேக்கி வைக்கும். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தில் நீர் ஏறத்தாழ 110 பாகை சதமளவிலேயே கொதிக்கும். சூடான வேளையில் மூடியைத் திறந்தால் அமுக்கம் நீங்கி, நீர் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் பாயும். ஆறிய பின்பும் மூடியின் மேல் தடித்த துணியைப் போட்டு, முதல் தடைவரை மெதுவாகத் திருப்பி, எஞ்சிய அமுக்கத்தை வெளிவிட்டே திறத்தல் வேண்டும்.

அடியிலுள்ள திருகியைத் திறந்து நீரை ஒரு பாத்திரத்தில் ஏந்துக. குளிர்த்தித் திரவம் கலந்த நீர் இனிப்புச் சுவையுடையது; ஆயின் நஞ்சாகும். நாயும் மாடும் அதனைக் குடித்து இறக்க நேரும். எனவே அதனைத் திறந்து வைக்கவோ வாய்க்காலிலும் கிணற்றருகிலும் ஊற்றவோ கூடாது.

கழற்றும் முறை

1. குழாயின் கிளிப்பைத் தளர்த்திக் கழுத்தை விட்டுக் குழாயின் நடுப்பகுதிக்குத் தள்ளிவிடுக. திருகாணி கறள் பிடித்திருந்தால் எண்ணெய் இட்டுச் சிறிது நேரம் விட்டுவைக்கலாம்.

2. குழாயை இழுத்தலாகாது. இரு கைகளாலும் பற்றி, முன்னும் பின்னுமாக மெல்லத் திருகுக. ஒட்டிய பிடி விடுபடும்போது குழாய் சுழலத் தொடங்கும். அதன் பின்னரே வெளியே எடுத்தல் வேண்டும்.

3. சுழலாவிடின், வெந்நீரில் நனைத்த துணியைக் குழாயின்மேற் சிறிது நேரம் சுற்றி வைக்க, இறப்பர் இளகும். பின்னர் முனை மழுங்கிய மெல்லிய கம்பியொன்றைக் குழாய்க்கும் கழுத்துக்கும் இடையே செலுத்திச் சுற்றிவரச் செய்து, சவர்க்கார நீரை விடுக. கழுத்தைத் தாங்கலாகக் கொண்டு நெம்புதல் கூடாது.

4. இதற்கும் அசையாத குழாயைக் காப்பாற்ற முயல்வது வீண். கழுத்தின் முனைக்கு ஓரங்குலம் அப்பால் குழாயைக் குறுக்கே அறுத்து விலக்குக. கழுத்தில் எஞ்சிய துண்டை நீளவாக்கில், பலமுறை மெல்ல மெல்லக் கீறுக. குழாய் இறப்பரும் துணியும் அடுக்கடுக்காக அமைந்தது. கடைசி அடுக்கை வெட்டாது விரித்து உரித்தெடுப்பதே நன்று. கத்தி பித்தளையில் பட்டு ஏற்படும் கீறலின் வழியே பின்னர் நீர் கசியும்.

புதுக் குழாயை மாட்டுதல்

கழுத்தினுள் துணியை அடைத்து, வெளிப்புறத்தைத் தேய்தாளினால் மெதுவாகத் துலக்கி, அத்துணியை மறவாது எடுத்துவிடுக. கீழ்க் குழாய் நீர்ப்பம்பியின் உறிஞ்சலால் சப்பையாகாதிருக்க, சிலவற்றில் உள்ளே கம்பிச் சுருள் இருக்கும். பழைய குழாயில் அது இருந்தால் புதியதிலும் இருத்தல் வேண்டும். புதுக் குழாயின் உட்புறத்தைச் சவர்க்கார நீரால் நனைத்து மாட்டுக. எண்ணெயும் கிறீசும் இறப்பரைக் கெடுக்குமாதலால் அவற்றைத் தவிர்த்தல் வேண்டும். கழுத்தின் விளிம்பு மேட்டைத் தாண்டி உட்புறமாகக் கிளிப்பை அமைத்து இறுக்குக. அளவுக்கு மீறிய இறுக்கம் குழாயை அறுக்கும்.

நீர் நிரப்பி எஞ்சினை ஓடவிட்டுக் கசிவைப் பார்க்க. ஆறிய பின் நீர் மட்டம் தாழ்ந்திருந்தால் மீண்டும் நிரப்பிக் கிளிப்பையும் ஒருமுறை இறுக்குக.

ஒவ்வொரு போகத்துக்கு முன்னும், எஞ்சின் ஆறியிருக்கும்போது குழாய்களைக் கையால் அமுக்கிப் பார்த்தல் சிறந்த வழக்கமாகும். வெடிப்போ, வீக்கமோ, கல்போன்ற கடினமோ காணப்படின் அன்றே மாற்றிவிடுதல் வேண்டும். சிறு செலவில் முன்னரே செய்யும் இப்பணி, உழவு நாளை வீணாகாது காக்கும்.