உங்களுக்குத் தெரியுமா? வழக்கில்லாமலே வீடு தேடி வரும் போலீஸ்

வாசலில் போலீஸைக் கண்டாலே பதறுவது நம் வழக்கம். கேரளக் காவல்துறை 2008 மார்ச்சில் அதை மாற்ற இறங்கியது. நீதிபதி கே.டி. தாமஸ் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, முதலில் 20 காவல் நிலையங்களில் ‘ஜனமைத்ரி சுரக்ஷா’ திட்டம் தொடங்கியது. பின்னர் மாநிலம் முழுக்கப் பரவியது.

சுமார் 500 வீடுகளுக்கு ஒரு பீட் போலீஸ். புகார் எதுவும் இல்லாமலே படியேறி வருவார். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, தனியே வாழும் முதியவர்களிடம் நலம் விசாரிப்பார். செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போவார். நிலையம்தோறும் ஊர்க்காரர்கள் அடங்கிய பாதுகாப்புச் சமிதியும் உண்டு. குற்றப் பின்னணி உள்ளவர்களுக்கு அதில் இடமில்லை.

தமிழ்நாட்டில், ராமநாதபுரத்தில் 1993-லேயே ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ பிறந்துவிட்டது. அங்கே பொதுமக்கள் காவலருக்குத் துணையாகப் போனார்கள். கேரளத்தில் காவலரே வீடு தேடி வருகிறார்.