ஆங்கிலத் தாய்ப்பெயர்களும் ஒலிநெறியும்

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் தாய் ‘மோடொர்’, தந்தை ‘ஃபேடெர்’, உடன்பிறந்தான் ‘ப்ரோதொர்’. முன்னிரண்டில் டகரம், மூன்றாவதில் உரசொலித் தகரம். இன்று ‘மதர்’, ‘ஃபாதர்’, ‘பிரதர்’ மூன்றும் தகரமேற்று ஓரினம்போல் நிற்பது பிற்கால விளைவே. 1400இல் மறைந்த சாசர் காலத்திலும் ‘மோடெர்’ என்பதே வழக்கு. ரகர ஈற்றை அடுத்திருந்த டகரம் அதன் பின்னரே தகரமாய்த் திரிந்தது. செருமன் மொழியோ ‘முட்டர்’, ‘ப்ரூடர்’ எனப் பழைய வேறுபாட்டை இன்றும் காக்கின்றது.

அவ்வேறுபாடு எங்ஙனம் பிறந்தது? ஆங்கிலம், வடமொழி, கிரேக்கம் முதலியவற்றுக்குப் பொதுவான மூலமொழியின் வல்லொலித் தகரம் செருமானியக் கிளையில் உரசொலியாகும் என்பது யாக்கோபு கிரிம் 1822இல் வகுத்த நெறி. ‘ப்ரோதொர்’ அதற்கு அடங்கிற்று. தாயும் தந்தையும் அடங்கவில்லை. புறனடை எனக் கிடந்த இம்முடிச்சை டென்மார்க்கு நாட்டுக் கார்ல் வெர்னர் 1875இல் அவிழ்த்தார். விடை, மூலமொழியின் எடுத்தலோசையைக் காத்த வேதகால வடமொழியில் இருந்தது. அங்கே மாதா, பிதா இரண்டிலும் எடுத்தலோசை ஈற்றசையில் விழும். ப்ராதாவில் முதலசையில் விழும். தனக்கு முன்னுள்ள அசை எடுத்தலோசை பெறாதவிடத்து உரசொலி குரலதிர்வு ஏற்று, பின்னர் டகரமாயிற்று. (கிரேக்க எழுவாய் வடிவமாகிய ‘மேதேர்’ ஒன்றையே நம்பியிருந்தால் அவர் வழி தவறியிருப்பார்; அதில் எடுத்தலோசை முதலசைக்கு நகர்ந்துவிட்டது.) காலப்போக்கில் செருமானிய மொழிகளில் அழுத்தம் முதலசையிலேயே நிலைத்தது. ஏது மறைந்தும் விளைவு எஞ்சிற்று. கிரிம் நெறிக்கு அடங்காத சொற்களே அதனினும் நுண்ணிய நெறியொன்றைக் காட்டிக்கொடுத்தன. மொழிநூல் வரலாற்றில் இதற்கு நிகரான வெற்றி அரிது.

ஒலித்திரிபுக்கு இத்தகைய நெறி உண்டு, பொருள்திரிபுக்கு இல்லை. தலைவியைக் குறித்துப் பிரெஞ்சிலிருந்து வந்த ‘டேம்’ தாயையும் குறித்தது. அதன் திரிபாகிய ‘டாம்’ விலங்கின் தாய்க்கு ஒதுங்கி, இன்று குதிரை வளர்ப்போரின் கொடிவழி ஏடுகளில் வாழ்கின்றது. பாட்டியைக் குறித்த ‘பெல்டாம்’ அருவருப்பூட்டும் கிழவிக்கு வசைப்பெயராயிற்று. இலத்தீனத்து ‘மேட்டர்’ செல்வர் பள்ளி மாணவரின் வேடிக்கைப் பேச்சில் ஒலித்து ஓய்ந்தது. சட்டத்தார் கையாண்டதோ வயிறு எனப் பொருள்படும் ‘வென்ட்டர்’. ஒரு தந்தைக்கு இரு மனைவியர்பால் பிறந்த மக்களை அவர்கள் அச்சொல்லாலேயே பிரித்தெழுதினர். அப்பிரிவு வெறும் எழுத்தன்று. இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டம் வரும்வரை, வேறு வயிற்றில் பிறந்த உடன்பிறப்பின் நிலம் மற்றவருக்கு மரபுரிமையாய் வாராதிருந்தது.