பூட்டிய கோவிலுக்கு வெளியே பூத்த கிறிஸ்துமஸ்!

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளில் தனிக் களை வந்துவிடும். சாலில் ஒரே ஓர் அறைதான் வீடு என்றாலும், வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். மூலையில் வைக்கோல் பரப்பிக் குடில் எழும்பும். இரவு பத்து மணிக்கு மேல் கீதக் குழுவினர் மேளமும் கித்தாருமாகச் சந்து சந்தாக வருவார்கள். தூங்கும் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைப்பார்கள். பாட்டு முடிந்ததும் தேநீர், முறுக்கு, ஒரு துண்டு கேக். வந்தவர்கள் நிற்க இடம் இருக்காது. ஆனாலும் அந்த நெரிசல்தான் பண்டிகை!

2020-ம் ஆண்டு டிசம்பரில் அந்த நெரிசலே குற்றமாகிவிட்டது. பத்துப் பேர் கூடினால் நோய்; ஐம்பது பேருக்கு மேல் கூடினால் சட்ட மீறல். கூடுவதையே உயிராகக் கொண்ட சபை, கூடாமல் எப்படி விழாக் கொண்டாடும்?

கதவு மூடிய நாள்

கொரோனா நோயைத் தடுக்க 2020 மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அது தவக்காலம். ஏப்ரல் 5-ந் தேதி குருத்து ஞாயிறு, 10-ந் தேதி பெரிய வெள்ளி, 12-ந் தேதி ஈஸ்டர். மூன்று நாட்களும் கோவில் கதவுகள் பூட்டியே கிடந்தன. தமிழர்கள் நெருக்கமாக வாழும் தாராவியில் ஏப்ரல் 1-ந் தேதி முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். அதன்பின் தெருக்கள் தடுப்புக் கட்டைகளால் அடைக்கப்பட்டன.

மும்பையின் உயிர்நாடியான லோக்கல் ரயில்களும் நின்றன. ஜூன் 15-ந் தேதி அவை மீண்டும் ஓடியபோது, அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டுமே இடம். பொதுமக்கள் எல்லாரும் ஏறுவதற்கு 2021 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த நகரில் தமிழ் ஆராதனை நடக்கும் கோவில் வீட்டுப் பக்கத்திலேயே இருப்பதில்லை. மூன்று ரயில் நிலையம் தாண்டி, ஞாயிறுதோறும் வந்து போகிறவர்களே அதிகம். ரயில் நின்றதும் அவர்களுக்குக் கோவில் வழியே அடைபட்டது.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

முதல் சில வாரங்களில் ஆயர்களும் பங்குத் தந்தையரும் செய்தது ஒன்றே: செல்போனை நிறுத்தி வைத்து, காலி இருக்கைகளைப் பார்த்துப் பிரசங்கம் செய்து, அதை யூடியூபில் ஏற்றினார்கள். பார்க்க வசதி உள்ளவர்கள் பார்த்தார்கள். ஆனால் பார்க்காதவர்கள் யார்? அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? இதைக் கேட்கப் போனபோதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது.

பிழைக்க வந்த தமிழர் பலருக்குச் சபைப் பதிவேட்டில் பெயரே கிடையாது. ஞானஸ்நானம் எடுத்தது நெல்லைச் சீமையில். சந்தா கட்டுவது சொந்த ஊர்க் கோவிலுக்கு. கல்யாணப் பதிவும் அங்கே. மும்பையில் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள். நான்கைந்து பேராக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், பட்டறைத் தொழிலாளர்கள் என இப்படிப்பட்டவர்கள் ஏராளம். முகம் தெரியும், பெயர் தெரியாது. பெயர் தெரிந்தாலும் போன் நம்பர் இருக்காது. கதவு திறந்திருந்த வரையில் இந்தக் குறை யார் கண்ணிலும் படவில்லை. கதவு மூடியதும், முதலில் தொலைந்து போனவர்கள் அவர்களே. வேலையும் கூலியும் போய், உதவி அதிகமாகத் தேவைப்பட்டவர்களும் அவர்களே.

பத்து வீட்டுக்கு ஒருவர்

விழித்துக்கொண்ட சபைகள் புதிதாகப் பட்டியல் எழுதத் தொடங்கின. ஒருவரிடம் இருந்து இன்னொருவர் நம்பர், அவரிடம் இருந்து மற்றொருவர் நம்பர் என்று கோத்துக்கொண்டே போனார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் இதற்குக் கைகொடுத்தன. பக்கத்து வீட்டார் சிறு குழுவாகச் சேர்ந்து ஜெபிக்கும் அமைப்பு அது. ஏறத்தாழ பத்து வீட்டுக்கு ஒருவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டால், அவர் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்ய முடியும்.

கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. "அடுப்பு எரிகிறதா? காய்ச்சல் யாருக்கும் உண்டா? மாத்திரை இருக்கிறதா? ஊரில் எல்லாரும் சுகமா?" ஜெபம் அதற்குப் பிறகுதான். அரிசியும் பருப்பும் போக வேண்டிய வீடு எது என்பது இந்தப் பேச்சில்தான் தெரிய வந்தது.

வாட்ஸ்அப்பில் தொடக்கத்தில் 4 பேர் மட்டுமே சேர்ந்து பேச முடிந்தது; 2020 ஏப்ரலில் அது 8 பேராயிற்று. ஜூம் கூட்டத்தில் பலர் சேரலாம். ஆனால் காசு கட்டாவிட்டால் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். நீண்ட ஜெபம் செய்யும் பெரியவர்களுக்கு இது பெரும் சோதனை! பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிகளுக்கு இவை எதுவும் பயன்படவில்லை. அவர்களுக்குத் தனியாகப் போன் போட்டுச் சங்கீதம் வாசித்துக் காட்டுவது ஒன்றே வழி.

ஒரு குறையை மட்டும் எந்தப் போனாலும் தீர்க்க முடியவில்லை. நற்கருணையைத் திரையில் வாங்க முடியாது. துக்க வீட்டில் தோளைத் தொட்டு ஆறுதல் சொல்ல முடியாது. அடக்க ஆராதனைக்கு 20 பேர் மட்டுமே என்பது அன்றைய விதி. ஊரில் தாயோ தகப்பனோ இறந்த செய்தி வந்து, போக வழியின்றி, கல்லறை காரியத்தைச் செல்போனில் பார்த்து அழுத மகன்களும் மகள்களும் உண்டு.

அன்னையின் விழாவும் அடங்கியது

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் மும்பையில் இருந்து கூட்டம் கூட்டமாகச் செல்வது வழக்கம். 2020-ல் விழா வெளியூர் பக்தர்கள் இன்றி நடந்தது. தொலைக்காட்சியில் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். செப்டம்பரில் பாந்திரா மவுண்ட் மேரி கோவிலையொட்டி நடக்கும் பெரிய சந்தையும் அந்த ஆண்டு கிடையாது. மதம் பாராமல் மும்பையே திரளும் சந்தை அது. மெழுகுவர்த்திக் கடைகள் இல்லாமல் அந்தக் குன்று வெறிச்சோடிக் கிடந்தது.

மகாராஷ்டிரத்தில் வழிபாட்டுத் தலங்கள் திறக்கப்பட்டது நவம்பர் 16-ந் தேதி. கிறிஸ்துமசுக்குச் சரியாக 39 நாட்கள். "இனி பண்டிகைக்குப் பயமில்லை" என்று மகிழ்ந்தவர்கள் பலர். ஆனால் டிசம்பர் 22-ந் தேதி முதல் இரவு 11 மணி தொடங்கிக் காலை 6 மணி வரை ஊரடங்கு என்று அரசு அறிவித்தது. நள்ளிரவு ஆராதனை வேண்டாம், மாலை 7 மணிக்கோ அதற்கு முன்போ நடத்த வேண்டும், கோவிலுக்குள் 50 பேர், பாடகர் குழுவில் 10 பேர், 60 வயதுக்கு மேற்பட்டவர்களும் 10 வயதுக்குக் குறைந்தவர்களும் வீட்டிலேயே இருப்பது நல்லது என்று யோசனைகளும் வந்தன. அந்த ஆண்டு ரோமாபுரியிலேயே போப்பாண்டவரின் நள்ளிரவுத் திருப்பலி இரவு ஏழரை மணிக்கு நடந்தது என்றால், மற்ற இடங்களைச் சொல்ல வேண்டுமா?

வீட்டுக்கு வீடு மேடை

கீதக் குழு வர முடியாவிட்டால் கீதம் வரட்டும் என்று இளைஞர்கள் முடிவு செய்தார்கள். ஒருவர் கித்தார் வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார். அதைக் காதில் கேட்டபடி மற்றவர்கள் தத்தம் வீட்டிலிருந்து பாடி அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவன் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டுவான். பின்னணியில் குக்கர் விசில் கேட்கும். அதுவும் நம் வீட்டுப் பாட்டுதானே!

குடில் போட்டிக்குப் படம் எடுத்து அனுப்பினார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் போர்வையைப் போர்த்தி மேய்ப்பர் ஆனார்கள். காணிக்கை, செல்போன் வழியே சென்றது. கேக்கைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, தனியாக இருக்கும் முதியோர் வீட்டு வாசலில் வைத்து, தள்ளி நின்று குரல் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

டிசம்பர் 31-ந் தேதி இரவுதான் கடினம். பழைய ஆண்டு போய்ப் புத்தாண்டு பிறக்கும் நொடியில் கோவிலில் முழங்காலில் நிற்க வேண்டும், வாக்குத்தத்த வசன அட்டை வாங்க வேண்டும் என்பது தமிழ்ச் சபையாரின் உறுதி. இரவு ஊரடங்கோ ஜனவரி 5 வரை. ஆகவே மாலையிலேயே ஆராதனையை முடித்துவிட்டு, நள்ளிரவில் குடும்பமாக வீட்டில் முழங்கால் நின்றார்கள். அட்டைக்குப் பதில் வசனம் போனில் வந்தது.

கொள்ளைநோய் நட்ட சிலுவைகள்

இந்த நகரத்துக்கு இது புதிதல்ல. 1896-ல் பிளேக் நோய் பம்பாயைத் தாக்கியபோது, பாந்திரா, கிர்காவ் போன்ற இடங்களில் மக்கள் தெருவோரங்களில் சிலுவைகளை நட்டு, அங்கேயே ஜெபித்தார்கள். இன்றும் பரபரப்பான சந்துகளில் அந்தச் சிலுவைகளில் சில நிற்கின்றன. அவசரமாக ஆபீசுக்கு ஓடுகிறவர்கள் அவற்றைத் தாண்டித்தான் போகிறார்கள்.

2021 டிசம்பரிலும் இரவுக் கட்டுப்பாடுகள் இருந்தன. 2022 ஏப்ரலில் மகாராஷ்டிர அரசு எல்லாக் கட்டுப்பாடுகளையும் நீக்கியது. அந்தச் செப்டம்பரில் பாந்திரா சந்தை மீண்டும் கூடியது. டிசம்பரில் கீதக் குழுக்கள் மறுபடி சந்துகளில் மேளம் தட்டின.

பிளேக் காலம் தெருவில் சிலுவையை விட்டுச் சென்றது. கொரோனா காலம் விட்டுச் சென்றது ஒரு பட்டியல். கடைசிப் பெஞ்சுக்காரர்களின் பெயரும் நம்பரும் எழுதிய பட்டியல். கோவில் திறந்தாயிற்று என்று அதை மூடி வைத்துவிட்டால் பட்ட பாடு வீண். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பக்கத்தில் இருப்பவரிடம் "தம்பி, எந்த ஊர்? எங்கே தங்கியிருக்கீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டால், அந்தப் பட்டியல் வளரும்.