அவையறிந்த அருளாளர்

பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகச் செல்லும் சாலை குன்றத்தூரை அடைகிறது. குன்றின்மேல் முருகப்பெருமான் எழுந்தருளியிருக்கும் இவ்வூரே பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பெருமானின் அவதாரத் தலம். தாம்பரம் வட்டாரத்து அன்பர்கள் அடிக்கடி வழிபட்டுத் திரும்பும் இத்தலம், அவையில் பேச எழுவோர்க்கும் ஒரு நல்வழி காட்டுகிறது.

கோயில் விழாக்களிலும் குருபூசைகளிலும், “பத்து நிமிடம் பேசுங்கள்” என்று பெரியவர்களை அழைப்பதுண்டு. வாழ்நாளெல்லாம் கேட்டுவந்த வரலாறே ஆயினும், ஒலிபெருக்கியின் முன் நின்றவுடன் நா வறண்டுவிடுகிறது. ‘நமக்கு ஏன் இந்த வேலை?’ என்று ஒதுங்கிவிடுவோரும் உளர். அவர்கள் ஒதுங்கினால், அவர்கள் நெஞ்சிலுள்ள அடியார் வரலாறுகள் பேரப்பிள்ளைகளைச் சென்றடைவது எங்ஙனம்?

திருவள்ளுவர் ‘அவையறிதல்’ என்னும் அதிகாரத்தை முன்வைத்து, அதன்பின்னரே ‘அவையஞ்சாமை’யை அமைத்தார். கேட்போரை அறிந்துகொண்டால் அச்சம் தானே அகலும் என்பது அவ்வைப்புமுறையிலேயே விளங்குகிறது. சேக்கிழார் பெருமானின் வரலாறு இதற்குச் சான்று.

அநபாயன் எனப்பெற்ற இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அவர் அமைச்சராக விளங்கினார். மன்னன் சீவக சிந்தாமணியின் காவியச் சுவையில் தோய்ந்திருந்தான். அதைக் கண்ட அமைச்சர் வெறும் கண்டனத்தோடு நின்றுவிடவில்லை. சிவனடியார்களின் வரலாறுகளை எடுத்துரைத்து, மன்னனே விரும்பிக் கேட்கும்படி செய்தார். அவற்றை விரிவான காவியமாகப் பாடித் தருமாறு மன்னன் வேண்டினான் என்பது மரபு.

பொருளைத் தேடியபோதும் அவர் மனம்போன போக்கில் செல்லவில்லை. சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருத்தொண்டத்தொகை அவர்க்கு அடிப்படை; நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி துணை. தொகையின் 11 பாடல்களுடைய முதற்குறிப்புகளே 11 சருக்கங்களின் பெயர்களாயின. முன்னே திருமலைச் சருக்கம், பின்னே வெள்ளானைச் சருக்கம் என 13 சருக்கங்கள் அமைந்தன. கயிலையில் தொடங்கும் வரலாறு, சுந்தரர் கயிலைக்கு மீள்வதோடு நிறைவெய்துகிறது. அடியார் பலரைப் பற்றிப் பாடியும் நூல் சிதறாமல் நிற்பதற்கு இக்கட்டுக்கோப்பே காரணம்.

நூல் பாடுதற்பொருட்டுத் தில்லை சென்ற அவர்க்கு, நடராசப்பெருமானே முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தருளினார் என்பர். நூல் நிறைவெய்தியபின் அங்குள்ள ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு சித்திரைத் திருவாதிரை வரை, நாள்தோறும் பொருள் விரித்துரைக்கப்பெற்றது. நிறைவில் மன்னன் அவரை யானைமேல் ஏற்றி, தானும் உடன் அமர்ந்து வெண்சாமரை வீசினான். இத்துணைப் பெருமைக்குரியவர் நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் கூறித் தம்மைத் தாழ்த்திக்கொண்டதும் நினைக்கத்தக்கது.

பத்து நிமிடம் பேசுவோர்க்கும் இவ்வழி பொருந்தும். கேட்க வருவோர் சிறுவர்களா, இல்லத்தரசிகளா, நூல் பயின்றவர்களா என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும். அறுபத்து மூவரில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் வாழ்வின் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் போதும். ஊர்ப்பெயரையும் அடியார் பெயரையும் நூலில் சரிபார்த்துக்கொள்வது நலம். முதல் வாக்கியமும் இறுதி வாக்கியமும் மனப்பாடமாக இருந்தால், நடுவே தடுமாறினாலும் கரை சேரலாம். முந்திய நாள் மாலையில் பேரக்குழந்தையிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். குழந்தை, “அப்புறம்?” என்று கேட்டால் பேச்சு நன்கு அமைந்தது எனக் கொள்ளலாம்.

வைகாசிப் பூசம் சேக்கிழார் பெருமானின் குருபூசை நாள். அன்று குன்றத்தூர் சென்று வணங்குவோர், வீடு திரும்பியதும் ஓர் அடியாரின் வரலாற்றை இல்லத்தார்க்கு எடுத்துரைக்கலாம். நாலு பேர் கூடிக் கேட்டால் அதுவும் ஓர் அவையே.