சின்னஞ்சிறு றட்லன்ட்

இங்கிலாந்தின் தேசப்படத்தை விரித்து, லெஸ்ரர்ஷயர், லிங்கன்ஷயர், நோர்தாம்ரன்ஷயர் ஆகிய மூன்று கவுண்டிகளும் சந்திக்குமிடத்தை நோக்குவோமாயின், அவற்றிடையே ஒரு சிறு நிலத்துண்டைக் காணலாம். அதுவே றட்லன்ட். பழைய கவுண்டிகளுள் மிகச் சிறியது. கடற்கரையில்லை; மாநகரமில்லை. ஓக்கம், அப்பிங்கம் என்னும் இரு சிறு பட்டினங்களும், கல்வீடுகள் நிறைந்த கிராமங்களும், செம்மறியாடுகள் மேயும் மேடுகளுமே உள. தெற்கெல்லையில் வெலன்ட் ஆறு ஓடுகின்றது. பரப்பு ஏறத்தாழ 150 சதுர மைல். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சனத்தொகை ஏறத்தாழ 41,000. கவுண்டியின் இலச்சினையிலுள்ள இலத்தீன் வாசகத்துக்குச் 'சிறியதில் மிகுதி' என்று பொருள்.

ஓக்கம் கோட்டையின் மண்டபம் பன்னிரண்டாம் நூற்றாண்டினது. முதன்முறை இவ்வழி வரும் பிரபு எவராயினும் ஒரு குதிரை இலாடத்தைக் காணிக்கையாகத் தருதல் வேண்டும் என்பது வழக்கம். அவ்வாறு சேர்ந்த இருநூறுக்கு மேற்பட்ட இலாடங்கள் சுவரெங்கும் தலைகீழாகத் தொங்குகின்றன. நேராகத் தொங்கவிட்டால் அதன் குழிவிற் பேய் வந்து அமர்ந்துகொள்ளுமாம்!

பேய்க்கு வழிகண்ட மக்களுக்கு உள்ளூராட்சிச் சீர்திருத்தமே பெருந்தொல்லையாயிற்று. இவ்வளவு சிறிய கவுண்டிக்குத் தனியாட்சி எதற்கு என்று அரசாங்கம் கேட்டது. லெஸ்ரர்ஷயருடன் இணைக்கும் யோசனையை 1963இல் மக்கள் முறியடித்தனர். ஆயினும் 1974 ஏப்ரில் முதலாந் தேதி இணைப்பு நடந்தேவிட்டது. றட்லன்ட் வெறும் மாவட்டமாயிற்று. பாடசாலைகளையும் பெருந்தெருக்களையும் பற்றிய முடிவுகள் லெஸ்ரர்ஷயர் சபையின் கைக்குச் சென்றன.

அக்காலத்திலேதான் குவாஷ் ஆற்றை மறித்துப் பெருநீர்த்தேக்கமொன்று கட்டப்பட்டது. நெதர் ஹம்பில்டன் என்ற சிற்றூர் நீருள் மூழ்கியது. எம்பிங்கம் நீர்த்தேக்கம் என்று முதலில் வழங்கிய அது, 1976இல் 'றட்லன்ட் வாட்டர்' என்று பெயர் பெற்றது. கவுண்டி மறைந்திருந்த காலத்தில் அதன் பெயரை நீர் காத்தது எனலாம்.

மக்களும் ஓய்ந்திருக்கவில்லை. 1997 ஏப்ரில் முதலாந் தேதி றட்லன்ட் மீண்டும் தனித்தது. பாடசாலை முதல் குப்பை அகற்றுதல் வரை யாவும் ஒரே சபையின் பொறுப்பாயின. செலவுக் கணக்கை மட்டும் பார்ப்போருக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றலாம். தெருவிற் பள்ளம் விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதும் ஒரு கணக்கே என்பது நம் எண்ணம்.

பழைய வினா மறுபடியும் எழுந்துள்ளது. புதிய சபையொன்றுக்கு 500,000 பேராவது வேண்டும் என்பதைப் பொது அளவாக 2024 டிசெம்பரில் வெளியான அரசாங்க வெள்ளை அறிக்கை கூறிற்று. அடுத்த ஆண்டு லெஸ்ரர், லெஸ்ரர்ஷயர், றட்லன்ட் ஆகிய பகுதிகளின் சபைகளிடம் மறுசீரமைப்பு யோசனைகள் கோரப்பட்டன. 500,000 எங்கே, 41,000 எங்கே!