பிள்ளையோடு ஓடுமுன்

2022 மே மாதம் அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடந்த ஃப்ளையிங் பிக் மாரத்தானில், ஆறு வயதுப் பையன் ஒருவன் குடும்பத்தோடு சேர்ந்து 42.195 கிலோமீட்டரையும் முடித்தான். எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் அழுதான், உட்கார வேண்டும் என்று ஓயாமல் கேட்டான். தொடர்ந்து வந்தால் பிரிங்கிள்ஸ் சிப்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போனோம் என்று பெற்றோரே சமூக ஊடகத்தில் எழுத, ஊரே கொதித்தது. நெஞ்சில் குத்தும் பந்தய எண் கொடுக்காவிட்டாலும் இந்தக் குடும்பம் ஓடத்தான் போகிறது, அதனால்தான் அனுமதித்தோம் என்றார்கள் அமைப்பாளர்கள். இனிமேல் 18 வயது விதியைக் கறாராகப் பின்பற்றுவோம் என்றும் அறிவித்தார்கள்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 2006 மே மாதம் ஒடிசாவின் புத்தியா சிங், நாலு வயதில், பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்தில் ஓடினான். கூடவே இருந்தவர் பெற்றவர் அல்ல, பயிற்சியாளர். நாடே கைதட்டியது. பிறகு மருத்துவர்கள் பரிசோதித்தபோது சத்துக்குறைவும் இரத்தசோகையும் தெரியவந்தன. மாநில அரசு அவன் நெடுந்தூரம் ஓடுவதற்குத் தடை போட்டது.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஓடப் பிடித்தே இருந்திருக்கலாம். அதுவல்ல பிரச்சினை. “போதும்” என்று பிள்ளை சொன்னால் அந்தச் சொல் செல்லுபடியாகுமா என்பதுதான். பெரியவர் தனியாக ஓடும்போது நிற்பதும் ஓடுவதும் அவர் இஷ்டம். பிள்ளை பக்கத்தில் வந்துவிட்டால் அவருடைய நேரக்கணக்கை அன்றைக்கு மறந்துவிட வேண்டியதுதான். நேரத்தையும் பிள்ளையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்களை நான் நம்புவதில்லை.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். ஒரே வேகத்தில் ஓடினாலும், எடைக்குத் தகுந்தபடி பார்த்தால் பெரியவரைவிடச் சிறுபிள்ளையின் உடலில் சூடு அதிகம் உண்டாகிறது. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மூர் ஓட்டங்களில் முழு மாரத்தானை இருட்டோடு கிளப்பிவிட்டு, குடும்பத்தோடு ஓடும் சின்ன தூரங்களைக் கடைசியில் விடுவதே வழக்கம். ஆகவே வெயிலில் மாட்டிக்கொள்வது குழந்தைகள்தான். பிள்ளை தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வாந்தி எடுத்தாலோ, ஓட்டம் அங்கேயே முடிந்தது. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு தெளியாத பிள்ளை வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒன்று. முடிவுக்கோடு தெரிந்ததும் அப்பா மகளின் கையைப் பிடித்து ‘வா வா’ என்று இழுக்கிறார், புகைப்படத்துக்குச் சிரிக்கிறார். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இப்படி இழுப்பதால் முழங்கை எலும்பு நழுவக்கூடும். பிள்ளை கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தூக்க மாட்டேன் என்று அழும். மருத்துவர் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். நாமே திருகிப் பார்க்கக் கூடாது. எட்டு வயதிலிருந்து பதினாலு வயதுவரையுள்ள பிள்ளை குதிகால் வலி என்று சொன்னால், வளரும் எலும்பின் மேல் சுமை கூடிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சோம்பேறித்தனம் என்று திட்டி ஓடவைத்தால் நொண்டல் நாட்கணக்கில் நீளும்.

பதிவு செய்யும்போது பெரும்பாலோர் படிக்காமல் டிக் அடிக்கும் ஒப்புதல் வாசகத்தில் ‘எந்த விபத்துக்கும் அமைப்பாளர் பொறுப்பல்ல’ என்று இருக்கும். அது முழுக் கவசம் என்று அமைப்பாளர் நினைத்தால் தவறு. 1872 ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். பிள்ளைக்காகப் பெற்றவர் கையெழுத்துப் போட்டாலும், தண்ணீர் வைக்காதது, ஆம்புலன்ஸ் நிறுத்தாதது, போக்குவரத்தை ஒழுங்காகத் தடுக்காதது போன்ற அலட்சியத்தை எதிர்த்துக் கேள்வி கேட்கும் வழி அடைபட்டுவிடாது. அதே சமயம் வயதைப் பொய்யாக நிரப்பியோ, இன்னொருவர் எண்ணைப் பிள்ளைக்குக் குத்தியோ ஓடவைத்தால் உங்கள் வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள். மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் நெஞ்சில் வேறொருவர் எண் இருந்தால் மருத்துவக் குழுவுக்கு வயது, அவசரத் தொடர்பு எல்லாமே தப்பாகப் போகும்.

கட்டணம் செலுத்திய ஓட்டம் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். நீங்கள் செலுத்திய தொகையை வைத்துத்தான் மனுக் கட்டணம் கணக்கிடப்படும். அது ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. ஓட்டத்துக்கு யாரும் அவ்வளவு கட்டப்போவதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பதிவு ரசீது, விதிமுறைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், மருத்துவச் சீட்டு, அந்த இடத்தின் படங்கள் ஆகியவற்றை அன்றைக்கே எடுத்து வையுங்கள். இணையப் பக்கங்கள் மாறிவிடும்.

இலவச ஓட்டத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஏனென்றால் காசு வாங்காத சேவையை அது விலக்கிவைத்திருக்கிறது. அங்கே காவல் நிலையமும் சிவில் நீதிமன்றமும்தான் வழி. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் அலட்சியச் செயலுக்கு, குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவு தண்டனை சொல்கிறது.

சில வேளைகளில் அலட்சியம் பெற்றவர் பக்கமே இருக்கும். அழுகிற பிள்ளையை அடித்தோ மிரட்டியோ ஓடவைப்பவரைப் பார்த்தால், ‘அது அவங்க வீட்டு விஷயம்’ என்று விலக வேண்டாம். தன் பொறுப்பில் உள்ள குழந்தைக்குத் தேவையற்ற துன்பம் விளைவித்தால் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் சேர்த்தேதான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்தால் விஷயம் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு வரை போகும். அதற்கு முன்னால் பக்கத்தில் நிற்கும் தன்னார்வலரிடமோ மருத்துவ மேசையிலோ சொல்லுங்கள். எண்ணைக் கழற்றி வாங்கி ஓட்டத்திலிருந்து இறக்கிவிடும் அதிகாரத்தைப் பெரும்பாலான அமைப்பாளர்கள் தங்கள் விதிமுறையிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.