மலைக்குப் போகலாமா?

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "வீட்டில் எல்லாரும் கொடைக்கானல் போகிறார்கள். நானும் போகலாமா, டாக்டர்?" கேட்பவர் 'வேண்டாம்' என்ற விடையை எதிர்பார்த்தே தயங்கிக் கேட்பார். பேகம்பூர் வெயிலில் நோயோடு மாதங்களைக் கழித்தவருக்கு அந்த விடை எவ்வளவு பாரமானது என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே, எவர் போகலாம், எப்படிப் போகலாம் என்பதை இங்கே விளக்குகிறோம்.

கொடைக்கானல் உடல்நலம் நாடியவர்களால் உருவான ஊர். மதுரைச் சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய அமெரிக்க மிஷனரிகள் 1845இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினர். 1863இல் ஏரி உருவாக்கப்பட்டது. ஓய்வு தேடி மலையேறுவது நமக்குப் புதியதன்று.

உயரம் செய்யும் மாற்றம்

திண்டுக்கல் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது; கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நலமுள்ளவர் இதனைப் பெரிதாக உணரமாட்டார். இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், கடுமையான இரத்தசோகை உள்ளவர்களும், அண்மையில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ கண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் புறப்படலாகாது. விழித்திரை அறுவையின்போது கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டவர்கள், அது முற்றும் கரைந்துவிட்டதாகக் கண் மருத்துவர் கூறும்வரை மலையேறவே கூடாது. காற்றழுத்தம் குறையும்போது அந்த வாயு விரிந்து பார்வையையே பறித்துவிடக்கூடும்.

பயணத்தில்

வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மலைப்பாதையில் வளைவுகள் மிகுதி. புறப்படுமுன் எளிதாகச் செரிக்கும் உணவைச் சிறிதளவு உண்டு, முன்னிருக்கையில் அமர்ந்து, தொலைவிலுள்ள சாலையைப் பார்த்து வந்தால் குமட்டல் குறையும்.

வழியில் கழிப்பறை கிடைக்காது என்றெண்ணி, நீர் பிரிவதற்கான மாத்திரையைச் சிலர் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். இதய நோயாளிக்கு இதனால் இரவில் மூச்சுத்திணறல் வரலாம். மாத்திரையை விடுவதற்குப் பதிலாக, அதனை உட்கொள்ளும் நேரத்தை மாற்றலாமா என்று எங்களிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மருந்துகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துச் சென்று, கைப்பையிலேயே வைத்திருங்கள். இன்சுலின் உறையக்கூடாது, வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் கிடக்கக்கூடாது. வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் தேவை என்பதையும் மறவாதீர்கள்.

மலையில்

முதல் நாள் ஓய்வுக்கு உரியது. மறுநாள் கோக்கர்ஸ் வாக்கில் நடக்கலாம். 1872இல் அமைக்கப்பட்ட, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை அது. வானம் தெளிந்திருந்தால் கீழே நம் சமவெளி விரிந்து கிடப்பதைக் காணலாம். நடக்கும்போது பேசவும் முடிந்தால் வேகம் சரி. பேச்சு திணறினால் அமர்ந்துவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் காலுறையும் மூடிய காலணியும் அணிந்து, சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருப்பது நல்லது. குளிர்காற்று ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும். மூக்கையும் வாயையும் துணியால் மூடி, இன்ஹேலரைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள்.

குளிருக்காக மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டாதீர்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை; உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரும்.

ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். கொடைக்கானலிலேயே அரசு மருத்துவமனை உள்ளது.

உடனிருப்போருக்கு

நோயாளியைக் கவனிப்பவருக்கும் ஓய்வு தேவை. மாத்திரை நேரத்தை ஒருவரும் இரவுக் கண்காணிப்பை மற்றொருவருமாகப் பகிர்ந்துகொண்டால், எல்லாரும் ஏரிக்கரையில் சற்று நேரம் கவலையின்றி அமரலாம்.

நெடும்பயணம் இப்போது இயலாதெனில், மருத்துவரின் ஒப்புதலோடு அருகிலுள்ள சிறுமலைக்குச் செல்லலாம். கொடைக்கானலைவிடத் தாழ்ந்த அந்த மலைக்குக் காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். 18 கொண்டையூசி வளைவுகளைப் பொறுமையாகக் கடக்க வேண்டும், அவ்வளவே.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே மருந்துச் சீட்டுகளுடன் எங்களைக் காண வாருங்கள். தயங்காமல் கேளுங்கள், பலருக்கும் நாங்கள் கூறும் விடை, 'போய் வாருங்கள்' என்பதே.